கவரிங் சங்கிலியும் வெளிவேடமும்



திருநீற்றுப் புதனன்று ஆண்டுதோறும் ஒரே நற்செய்திதான் வாசிக்கப்படுகிறது. மத்தேயு 6ஆம் அதிகாரம். தருமம் செய்தால் ஊரறியச் செய்யாதே, செபித்தால் தெருமுனையில் நின்று செபிக்காதே, நோன்பிருந்தால் முகத்தை வாடவைத்துக்கொண்டு திரியாதே, போய்க் கழுவிக்கொள் என்கிறார் ஆண்டவர். இதைக் கேட்டு முடித்த கையோடு நாம் வரிசையில் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிறோம். முகத்தைக் கழுவச் சொன்ன நாளிலேயே முகத்தில் அடையாளம்! திருச்சபை தெரிந்துதான் இந்த இரண்டையும் ஒரே நாளில் வைத்திருக்கிறதோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு. சிலர் அலுவலகத்துக்குள் நுழையுமுன் கைக்குட்டையால் துடைத்துவிடுகிறார்கள். சிலர் அழிந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, கைபேசியில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். துடைப்பவர் கோழை, வைப்பவர் பக்தர் என்று சொல்லிவிடலாமா? இல்லை, வைப்பவர்தான் வேடக்காரரா? ஒருவருடைய நெற்றியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அதனால்தான் இன்று இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புகிறோம்.

அந்த நற்செய்திப் பகுதியில் மூன்று முறை வரும் சொல் 'வெளிவேடக்காரர்'. நற்செய்தி எழுதப்பட்ட கிரேக்க மொழியில் அது 'ஹுப்போக்ரிதேஸ்'. மேடையில் நடிக்கிறவருக்கு அந்த நாட்டார் வழங்கிய பெயர் அது. முகமூடி அணிந்துகொண்டு, தனக்குரியதல்லாத சொற்களைப் பேசுகிறவர். நமது தமிழ் விவிலியத்தில் 'வேடம்' என்ற சொல் வந்து அமர்ந்தது எவ்வளவு பொருத்தம் என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ஏனென்றால் இது நாடகக்காரர்களின் ஊர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது இங்கேதான். இன்றும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் திருவிழா என்றால் இரவு முழுதும் வள்ளி திருமணமோ அரிச்சந்திரனோ நடக்கிறது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னோர் ஊர். மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். விடிய விடிய அரசனாக நின்றவர், விடிந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் பேருந்துக்கு நிற்பார்.

அந்த மனிதரை நாம் பொய்யர் என்று சொல்வதில்லை. அவர் அரசன் இல்லை என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். பொய்யே பேசாத அரிச்சந்திரனாக நடிக்கிறவர் அன்று காலையில் டீக்கடைக்காரரிடம் கடன் சொல்லலாம். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அரிதாரத்தைத் துடைக்காமலே வீட்டுக்குப் போய், மனைவி மக்களிடமும் மகாராஜாவாகவே நடந்துகொண்டால்தான் வம்பு. ஆண்டவர் நாடகக் கலையைக் குறை சொல்லவில்லை. மேடை இல்லாத இடத்தில் மேடை போடுகிறவர்களைத்தான் சொன்னார். செபக்கூடத்தில் ஒரு மேடை, தெருமுனையில் ஒரு மேடை, தருமம் கொடுக்கும்போது எக்காளம்.

எக்காளம் ஊதி யார் தருமம் செய்கிறார்கள் என்று கேட்க வேண்டாம். நம் ஊரில் அதற்கு மைக் செட் என்று பெயர். மதுரைச் சீமையில் ஒரு காதணி விழாவுக்குப் போய்ப் பாருங்கள். தாய்மாமன் சீர் வருகிறது என்றால் முன்னே மேளம், பின்னே தட்டு தட்டாகச் சீர்வரிசை, மாலை போட்ட ஆட்டுக்கிடாய், தெருவை அடைத்து ஃபிளெக்ஸ் பேனர். பந்தலில் மொய் எழுதுகிற மேசை. இன்னார் இவ்வளவு என்று ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். ஐந்நூறு எழுத நினைத்து வந்தவர், முன்னால் நிற்பவருக்கு ஆயிரம் என்று வாசிக்கப்பட்டதும் பைக்குள் மறுபடி கைவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். நாமும் விட்டிருக்கிறோம். மொய் நல்ல ஏற்பாடு, அதில் சந்தேகமில்லை. கையில் காசில்லாத குடும்பம் ஒரு நல்ல காரியத்தை நடத்தி முடிக்க ஊரே கொடுக்கும் வட்டியில்லாக் கடன் அது. ஆனால் அந்தத் தாய்மாமனின் வீட்டில் அன்று இரவு என்ன நடக்கிறது என்று யாரும் மைக்கில் வாசிப்பதில்லை. தங்கைக்கு முன்னால் தலைகுனியக் கூடாது என்று வட்டிக்கு வாங்கி, இருந்த இரண்டு பவுனையும் அடகுக்கடையில் வைத்து, சீர் செய்துவிட்டு வந்திருப்பார். தங்கையும் கேட்டிருக்க மாட்டாள். கேட்டது ஊர்.

மற்றவர்களைச் சொல்வானேன்? நம் கோவில்களில் டியூப் லைட்டில் 'உபயம்' எழுதி எழுதியே பாதி வெளிச்சம் போய்விடுகிறது. மின்விசிறியின் இறக்கையில் பெயர், முழந்தாளிடும் பலகையில் பெயர், கெபியின் நெற்றியில் பெயர். விசிறி சுற்றும்போது பெயரைப் படிக்க முடியாதே என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இதுவரை சொன்னது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் சங்கதி. இனிச் சொல்வதில்தான் நாம் அடிக்கடி தவறுகிறோம்.

தங்கச் சங்கிலி அடகுக்குப் போன மறுநாள் அந்தத் தாய்மாமனின் மனைவி என்ன செய்கிறார்? கவரிங் சங்கிலி ஒன்று வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறார். தெற்கு ஆவணி மூல வீதியின் தங்கத்தைப் போலவே அதுவும் மின்னும். வியர்வை பட்டுப் பட்டுக் கொஞ்ச நாளில் கறுக்கும். அதற்குள் அசல் சங்கிலியை மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கை. கவரிங் என்றாலே மூடுவது என்றுதான் பொருள். அந்தச் சகோதரி மூடுவது பித்தளையை மட்டுமல்ல. வீட்டில் காசில்லை என்பதையும் கணவர் வாங்கிய கடனையும் சேர்த்துத்தான் மூடுகிறார். இவரும் வேடம்தான் போடுகிறார். ஆனால் பந்தலில் மைக் பிடித்தவரும் இவரும் ஒன்றா?

வேலை போன செய்தியை வீட்டில் சொல்ல வாய் வராமல், வழக்கம்போல் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பி, மாட்டுத்தாவணியில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் திரும்புகிற தந்தையர் உண்டு. கையில் உள்ள காயத்துக்குக் கதவு இடித்துவிட்டது என்று காரணம் சொல்லும் மனைவியர் உண்டு. கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும், கதவு இடிக்கவில்லை என்று. வாடகைக்கு வீடு தேடி வரும் இளைஞரிடம் வீட்டுக்காரர் முதலில் வாடகையைப் பேசுவதில்லை. "தம்பிக்கு எந்த ஊர்?" என்பார். ஊரைச் சொன்னால், "ஊரில் எந்தத் தெரு?" என்பார். தெருவைச் சொன்னால் வீடு இல்லை என்று ஆகிவிடும் எனத் தெரிந்த இளைஞர், ஊரை மட்டும் சொல்லிவிட்டுத் தெருவை விழுங்கிவிடுகிறார். பிறகு அந்த வீட்டில் இருக்கும் காலமெல்லாம் சொந்தக்காரர் யாரும் வந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே இருக்கிறார்.

இவர்களை ஆண்டவர் என்ன சொல்வார்? நற்செய்தியைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் மறைநூல் அறிஞரையும் பரிசேயரையும் அவர் அடுக்கடுக்காகச் சாடுகிறார். வெள்ளையடித்த கல்லறை என்கிறார், வெளிப்புறம் மட்டும் கழுவிய கிண்ணம் என்கிறார். அதே ஆண்டவரிடம் ஒளிந்து ஒளிந்து வந்தவர்களும் இருந்தார்கள். நிக்கதேம் இரவில் வந்தார். யோவான் அதைக் குறித்து வைத்திருக்கிறார். "பகலில் வர வெட்கமா?" என்று ஆண்டவர் அவரைக் கேட்கவில்லை, உட்காரவைத்துப் பேசினார். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் கூட்டத்தில் மறைந்து, பின்னால் வந்து மேலுடையைத் தொட்டார். தொடக் கூடாதவர் என்று சமூகம் ஒதுக்கிய பெண் அவர். வேறு எப்படி வந்திருக்க முடியும்? அவரை 'மகளே' என்று அழைத்தார். அரிமத்தியா யோசேப்பு அச்சத்தால் தம் சீடத்துவத்தை மறைத்து வைத்திருந்தவர். ஆண்டவரின் உடலை அடக்கம் செய்யும் பேறு அவருக்குத்தான் கிடைத்தது, நிக்கதேமும் அங்கே துணைக்கு வந்தார். அச்சத்தால் மறைந்தவர் ஒருவரைக்கூட இயேசு வெளிவேடக்காரர் என்று அழைத்ததாக நற்செய்தியில் இல்லை. பெரிதாகத் தெரிய வேண்டும் என்று காட்டியவர்களைத்தான் அப்படி அழைத்தார். நாமோ பல நேரம் சொல்லை மாற்றிப் போடுகிறோம். மைக் பிடித்தவரைப் பெரிய மனிதர் என்கிறோம். கவரிங் போட்டவரைப் பார்த்து, "இல்லாத பவிசு எதுக்கு?" என்கிறோம்.

இந்த வேறுபாடு நமது மதுரைத் திருச்சபையின் வரலாற்றிலேயே ஆழமாகக் கிடக்கிறது. 1606ஆம் ஆண்டு நவம்பரில் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மதுரைக்கு வந்தபோது இங்கே ஏற்கெனவே ஒரு சிற்றாலயம் இருந்தது. கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற மூத்த குரு முத்துக்குளித்துறைப் பரதவக் கிறிஸ்தவர்களுக்காக அங்கே பணியாற்றினார். ஆண்டுகள் பல கடந்தும் நகரத்து மக்கள் யாரும் மனம் மாறவில்லை. கிறிஸ்தவராவது என்றால் பரங்கியாவது என்றே மக்கள் நினைத்தார்கள். பரங்கி என்றால் மாட்டிறைச்சி தின்று, மது குடித்து, குளிக்காமல் திரிகிறவர் என்று பொருள். தெ நொபிலி கறுப்பு அங்கியைக் களைந்தார். காவி உடுத்தினார், பாதக்குறடு போட்டார், புலால் நீக்கி ஒரு வேளை உணவு உண்டார், தமிழும் வடமொழியும் கற்றார், தனியே குடிலமைத்தார். தாம் பரங்கி அல்லர், உரோமையில் உயர்குடியில் பிறந்தவர் என்று அறிவித்தார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார்.

இது வேடம்தானே என்று அன்றே கேட்டார்கள். கேட்டவர் வெளியாள் அல்லர், அதே பெர்னாந்தஸ் அடிகளார்தான். 1610இல் அவர் மேலிடத்துக்கு முறையிட்டார். 1619இல் கோவாவில் குருக்கள் கூடி வாதித்தார்கள். இறுதியில் 1623 சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை மூடநம்பிக்கைக் கலப்பின்றிக் கிறிஸ்தவர்கள் கைக்கொள்ளலாம் என இசைவளித்தார். இதுவரை நாம் பெருமையோடு சொல்லும் வரலாறு. உண்மையிலேயே பெருமைக்குரியதுதான். தெ நொபிலியின் காவி ஒளிந்துகொள்வதற்காகப் போட்டதல்ல, நெருங்கி வருவதற்காகப் போட்டது. 1656இல் மயிலாப்பூரில், பார்வை மங்கிய முதுமையில் இறக்கும்வரை அந்தத் துறவு வாழ்வை அவர் விடவில்லை. ஐம்பது ஆண்டுகள் ஒருவர் வேடம் போட்டால் அதை வேடம் என்பதா, வாழ்வு என்பதா?

ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். உயர்குடித் துறவி என்ற நிலையைக் காக்க வேண்டுமானால் பரதவரின் ஆலயத்தோடு வெளிப்படையாகப் பழக முடியாது. ஒரே நகரில், ஒரே சபையின் இரண்டு குருக்கள், இரண்டு ஆலயங்கள். ஒடுக்கப்பட்ட மக்களுக்காக 1640 முதல் பண்டாரசாமிகள் என்று தனி வகைக் குருக்கள் பணியாற்றினார்கள். ஓரியூரில் இரத்தம் சிந்திய நம் புனித அருளானந்தர் அணிந்ததும் அந்தப் பண்டாரசாமி உடையே. பரங்கி என்ற மதிலைத் தாண்ட உதவிய உடை, சாதி என்ற மதிலை அப்படியே நிற்கவிட்டது. திருத்தந்தை கிரகோரி இதை அறியாமல் இல்லை. இசைவளித்த அதே மடலில், உயர்குலப் பெருமை பேசுவோர் எளியவரை இகழாதிருக்கவும், இறைவார்த்தை கேட்பதிலும் அருளடையாளங்கள் பெறுவதிலும் அவர்களிடமிருந்து ஒதுங்காதிருக்கவும் உருக்கமாக வேண்டிக்கொண்டார். மடலின் முதல் பகுதியை நாம் நன்றாகவே நிறைவேற்றினோம். இரண்டாம் பகுதிக்கு நெல்லைச் சீமை வடக்கன்குளம் ஆலயமே சாட்சி. ஒரே பீடம், அதை நோக்கி இரண்டு கிளையாக ஆலயம், நடுவே சாதிக்கொரு பக்கம் பிரித்த சுவர். அந்தச் சுவர் 1910இல்தான் இடிந்தது. கல்லறைத் தோட்டங்களில் அந்தச் சுவரின் மிச்சம் இன்னும் எங்கெங்கே நிற்கிறது என்பதை நேயர்களே அறிவீர்கள்.

இங்கேதான் நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேட்டுக்கு வருகிறோம். பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயர். ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கும்போது ஒரு பெயர், திங்கட்கிழமை அலுவலக வருகைப் பதிவேட்டில் இன்னொன்று. பங்கில் பணியாற்றும் குருக்களுக்கு இது புதிதல்ல. 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளிவந்த குடியரசுத் தலைவரின் ஆணை, இந்து மதத்தைச் சாராதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறார். சேர்க்கலாம் என்று 2007இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தும் மாற்றம் வரவில்லை. எனவேதான் ஆகஸ்ட் 10ஐ நாம் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். ஒரு தாய்க்குத் தன் மகனின் படிப்பு ஒரு தட்டில், அவன் பெயர் இன்னொரு தட்டில் என்று நிற்கும்போது, பெயரை மறைத்துவிடுகிறார். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ வாழ்வு வாழ்ந்துகொண்டே வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்று தீர்ப்பளித்தது.

சட்டம் சொல்வது சட்டம். பொய் பொய்தான். அதை நியாயப்படுத்த நாம் இந்த ஒலிவாங்கியின் முன் உட்காரவில்லை. விசுவாசத்தை மறைக்கிறவரின் மனமும் அதில் நிம்மதியாக இருப்பதில்லை. ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்திருக்கும் எந்தக் குருவும் இதைச் சொல்வார். ஆனால் அந்தத் தாயைப் பார்த்து "இரட்டை வேடம்" என்று முகஞ்சுளிக்கிறவர் யார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ஞாயிறு காலை அவரோடு ஒரே கிண்ணத்திலிருந்து நற்கருணை பெற்றுவிட்டு, மகளுக்கு வரன் பார்க்கும்போது முதல் கேள்வியாகச் சாதியைக் கேட்கிறவர்தானே? வாடகைக்கு வந்த தம்பியிடம் தெருவின் பெயரைக் கேட்டவரும் நம்மவராக இருந்துவிட்டால்? அவருக்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. பசி இல்லை, அச்சம் இல்லை, ஆணையும் இல்லை. ஆனாலும் கோவிலில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம். மத்தேயு நற்செய்தியின் அந்தக் கடுஞ்சொல் யாருக்குப் பொருந்தும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

உள்ளறைக்குப் போய்க் கதவை அடைத்துக்கொள்ளச் சொன்னார் ஆண்டவர். செல்லூரில் ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் படுத்திருக்கும் குடும்பத்தில் உள்ளறைக்கு எங்கே போவது? முகத்தை மூடாமல் உட்கார அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஓரிடம் வேண்டுமென்றால், அது கோவிலாகத்தான் இருக்க முடியும். அங்கேயும் கழுத்தைப் பார்க்கிற கண்கள் இருந்தால் அவர் கவரிங் சங்கிலியோடுதான் வருவார். நாம்தான் வரவைக்கிறோம்.

நாம் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம். திருவிழாவுக்கு நன்கொடை தந்தவர்களின் பட்டியலைத் திருப்பலி முடிவில் மைக்கில் வாசிப்பது அங்கே வழக்கம். ஒருநாள் மாலை கைம்பெண் ஒருவர் திருப்பொருள் அறைக்கு வந்தார். இருநூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு, "சாமி, எம் பேரை மட்டும் வாசிச்சுறாதீங்க" என்றார். நாமும் நற்செய்தியை நினைத்துக்கொண்டு, வலக்கை இடக்கை என்று ஏதோ பாராட்டிப் பேசத் தொடங்கினோம். அவர் இடைமறித்தார். "அதெல்லாம் இல்ல சாமி. குழுக்கடன் இந்த வாரம் கட்டல. குழுத் தலைவி நம்ம கோவில்தான். மைக்குல கேட்டுட்டா வாசல்ல வந்து நிப்பாங்க."

நமக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. பட்டியலில் 'ஒரு விசுவாசி, ரூ. 200' என்று எழுதி அப்படியே வாசித்தோம். மறு ஆண்டு இன்னும் இருவர் தங்கள் பெயரையும் அப்படியே போடச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் தந்தது சிறிய தொகை, மற்றவர் தந்தது அந்த ஆண்டின் பெரிய தொகை. காரணம் என்ன என்று நாம் கேட்கவில்லை.